எங்கள் வீட்டு பிரீசரில் எதற்கு இடம், எதற்கு இல்லை

தேங்காயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் சமையலுக்குத் தினமும் ஒரு கைப்பிடி போதும். ஆனால் வாங்கும்போது மொத்தமாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மிச்சம் கெட்டுப்போகிறது. சிங்கப்பூர் வெக்கையில் துருவிய தேங்காய்க்கு ஆயுள் ரொம்பக் குறைவு. காலையில் தேக்கா ஈரச்சந்தையில் துருவி வாங்கி, அப்படியே ஒரு கோப்பி குடித்துவிட்டு, நாலு கடை ஏறி இறங்கி, பூன் லே வரைக்கும் ரயிலில் வந்து பையைத் திறந்தால் லேசாகப் புளித்த வாடை எட்டிப் பார்க்கும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாராளமாக வரும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை ஏறும். அதில் சட்னி அரைத்தால் முதல் வாய் வைத்ததுமே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. துருவலை உருண்டையாகப் பொட்டலம் கட்டிப் போட்டால் கல்லாகிவிடும், பிறகு சுத்தியல்தான். நான் ஜிப் பையில் கொட்டி, உள்ளங்கையால் ஒரு விரல் தடிமனுக்குத் தட்டிப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுவேன். அப்புறம் கத்தியின் முதுகால் பையின் மேலேயே நெடுக்கும் குறுக்கும் கோடு அழுத்துவேன். உறைந்த பிறகு அந்தக் கோட்டில் மடக்கினால் சாக்லேட் கட்டி மாதிரி டப்பென்று உடையும். பொரியலுக்கு ஒரு கட்டி, குழம்புக்கு இரண்டு, சட்னிக்கு மூன்று. பொரியலில் நேரே போடலாம். சட்னிக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அரைக்க வேண்டும். ஜில்லென்று மிக்ஸியில் போட்டால் தேங்காயின் கொழுப்பு திரண்டு வெள்ளை வெள்ளையாக மிதக்கும்.

ஊட்லண்ட்ஸில் இருக்கும் என் தங்கைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அண்ணே, எதையெல்லாம் பிரீசர்ல போடலாம்னு ஒரு லிஸ்ட் அனுப்பேன், செலவு தாங்கல" என்று கேட்டாள். லிஸ்ட் அனுப்பினால் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு மறந்துபோவாள், எனக்குத் தெரியும். தவிர, எது உறையும், எது உறையாது என்பது பாதிக் கதைதான். உறைய வைத்தால் காசு மிச்சமாகுமா என்பது வேறு கேள்வி.

நான் வேலை பார்ப்பது ஜூரோங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில். கடல் கடந்து வரும் கோழி, ஆட்டிறைச்சி, இறால், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அட்டைப் பெட்டிகளாக அடுக்கடுக்காக நிற்கும் இடம். உள்ளே மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே. தடித்த ஜாக்கெட், கையுறை இல்லாமல் நுழைய முடியாது. சிங்கப்பூர் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதில் நிறைய, உறைந்துதான் வருகிறது. அதனால் ஐஸில் வைத்த சாப்பாடு மட்டம் என்ற எண்ணம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

என் அம்மாவுக்கு உண்டு. அம்மாவைப் பொறுத்தவரை கோழி என்றால் அன்று வெட்டியது, மீன் என்றால் அன்று வந்தது. நான் மீனை பிரீசரில் வைத்தால் "செத்த மீனை இன்னொரு தரம் சாகடிக்கிறான் பாரு" என்பார். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? நமக்கு வரும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதுவும் உயிரோடு வந்து, இங்கே வெட்டி, சந்தைக்குப் போகும் கோழி. அந்தத் தடை நீங்க அக்டோபர் ஆனது. இடையில் பூன் லே பிளேஸ் சந்தையில் அம்மா எத்தனை கடை கேட்டும் பழையபடி கோழி கிடைக்கவில்லை. பிரேசில் கோழியைத்தான் குழம்பு வைத்தோம். அம்மா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

சரி, காசுக்கு வருவோம். பேரங்காடியில் கோழி மலிவு விலையில் போட்டிருக்கிறார்கள், அரசு தந்த சிடிசி பற்றுச்சீட்டு வேறு கையில் இருக்கிறது என்று நாலு பாக்கெட் அள்ளிவருவது சேமிப்பு மாதிரி தெரியும். ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில் நம்மில் பலரிடம் இருப்பது இரண்டு கதவு பிரிட்ஜ். மேலே ஒரு சின்ன பிரீசர், அதில் ஒரு தட்டு. ஜூரோங்கில் கிடங்கு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு அடுக்குக்கும் வாடகை கணக்குப் போடுவார்கள். வீட்டு பிரீசருக்கும் அதே கணக்குத்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பொட்டலமும் வாடகை கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நாலு பாக்கெட் கோழி ஒரு மாதம் படுத்துக் கிடந்து ஆறேழு வெள்ளி மிச்சம் பிடித்துத் தரலாம். அதே இடத்தில் வதக்கிய வெங்காயம் தக்காளி, வேகவைத்த பருப்பு, பாதி சுட்ட சப்பாத்தி இருந்தால், ஒரே ஒரு புதன்கிழமை இரவில் அதைவிட மூன்று மடங்கு மிச்சமாகும்.

ஏன் புதன்கிழமை? என் மனைவி தாதி, ஷிப்ட் வேலை. நானும் வேலை முடிந்து வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். வெங்காயம் உரிக்கவே தெம்பு இருக்காது. அப்போது கீழே இறங்கினால் கோப்பிக்கடை. நாலு பேருக்குத் தப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கினால், 25 வெள்ளியை ஒட்டி வரும். கைப்பேசியில் ஆர்டர் பண்ணினால் டெலிவரி காசும் சேர்ந்து இன்னும் மேலே. நம் மாதச் செலவில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது, சந்தை விலையில் இல்லை. பொருள் சேவை வரி 2023இல் எட்டு விழுக்காடாகி, 2024இல் ஒன்பது ஆனபோது எல்லாரும் பேரங்காடி ரசீதைத்தான் உற்று உற்றுப் பார்த்தோம். களைத்துப்போய் வெளியே வாங்கிச் சாப்பிட்ட இரவுகளை யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகையால் எங்கள் வீட்டு பிரீசரில் முதல் உரிமை பாதிச் சமையலுக்கு. சாம்பாராக முடித்து உறைய வைப்பதைவிடப் பருப்பை மட்டும் வேகவைத்து வைப்பேன். குழம்பாக முடிக்காமல் வதக்கலோடு நிறுத்திக்கொள்வேன். முழுச் சமையலாக வைத்தால் இரண்டாம் முறை எடுக்கும்போதே "மறுபடி இதுவா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பாதியாக இருந்தால் அதே வதக்கல் ஒருநாள் முட்டைக் குழம்பாகும், ஒருநாள் சென்னாவாகும், ஒருநாள் மீ கோரெங்கில் போய்ச் சேரும். தாளிப்பும் கடைசி கொதியும் அன்றன்றைக்கு நடப்பதால் பழைய சாப்பாடு என்ற உணர்வும் வராது.

வதக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளில் நன்றாகக் கனிந்த தக்காளியைத் தனியாக ஒரு தட்டில் குவித்து மலிவாகக் கொடுப்பார்கள். அது நாளைக்குத் தாங்காது, குழம்புக்கோ அதைவிட நல்ல தக்காளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய வாணலியில் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி லேசாகச் சிவக்கும் வரை பொறுமையாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுப் பச்சை வாடை போனதும் தக்காளியைச் சேர்ப்பேன். தக்காளி கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும். தண்ணீர் எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு இடம் மிச்சம். பெரிய வாணலி நிறைய ஏறியது கடைசியில் தட்டையான மூன்று நான்கு பைகளில் அடங்கிவிடும். மசாலாத் தூள் சேர்க்க மாட்டேன், அது அன்றைய குழம்பைப் பொறுத்தது.

ஏன் எல்லாவற்றையும் தட்டையாக வைக்கச் சொல்கிறேன் என்றால், இது வேலையில் கற்றது. பதனாலைகளில் மீனையும் இறாலையும் மைனஸ் 30, 40 டிகிரிக் காற்றைப் பலமாக வீசிச் சட்டென்று உறைய வைப்பார்கள். வேகமாக உறைந்தால் உள்ளே இருக்கும் நீர் சின்னச் சின்ன ஐஸ் துகளாகும். மெதுவாக உறைந்தால் துகள்கள் பெரிதாக வளர்ந்து சதையின் செல் சவ்வைக் கிழித்துவிடும். ஐஸ் விடும்போது தண்ணீராக ஒழுகுவது அதனால்தான். மீன் சக்கையாகிவிட்டது என்று சொல்வோமே, அதுதான். வீட்டு பிரீசரில் அந்தக் காற்று கிடையாது. நம்மால் முடிந்தது பொட்டலத்தை மெல்லியதாக்கி, முதல் சில மணி நேரம் ஓர் அலுமினியத் தட்டின்மேல் கிடத்துவது. தட்டு சூட்டைச் சீக்கிரம் இழுத்துவிடும். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி செங்குத்தாக அடுக்கிக்கொள்ளலாம். சூடாக இருப்பதை மட்டும் உள்ளே வைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பதெல்லாம் லேசாக இளகி மறுபடி உறையும்.

இன்னொன்று, இறைச்சியிலும் மீனிலும் அங்கங்கே வெள்ளையாக, காய்ந்த பஞ்சுபோலத் திட்டு வருமே, அது பூஞ்சணம் என்று பயந்து சிலர் எறிந்துவிடுகிறார்கள். காற்றுப் பட்ட இடத்தில் ஐஸ் உருகாமலே ஆவியாகிப் போவதால் வருவது அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ருசிதான் இருக்காது. அந்தத் திட்டை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். வராமல் இருக்க ஒரே வழி, பையில் காற்றில்லாமல் மூடுவது. இறாலுக்கு ஒரு சுலப வழி உண்டு. ஓடு உரித்துக் கழுவி டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். ஐஸே அதற்குச் சட்டை.

மீனில் ஒரு விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் தடவித்தான் மீனை எடுத்துவைக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். மஞ்சளும் மிளகாயும் சரி. உப்பு வேண்டாம் என்பது என் கட்சி. உப்பு மீனின் நீரை இழுத்துவிடும், எண்ணெய் மீனாக இருந்தால் காறல் வாடையையும் சீக்கிரம் வரவழைக்கும். குனிங், கெம்போங், மத்தி போன்ற எண்ணெய் மீன்களை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெள்ளைச் சதை மீன்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். வவ்வால் மீனும் இறாலும் சீனப் புத்தாண்டு நெருங்க நெருங்க ஏறுகிற விலை நமக்குத் தெரிந்ததுதான். அப்புறம் கடைகளும் சில நாள் மூடிக் கிடக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கி வைப்பதில் உண்மையாகவே காசு மிச்சம். மொத்தமாக வாங்கி அடுக்குவதற்கு நான் தலையாட்டும் ஒரு சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி இன்னொன்று.

ஆட்டிறைச்சி வாங்கும்போது கடையில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நான் வழக்கமாக வாங்கும் பாயிடம் "பாய், இது பிரஷ்ஷா, ஐஸ்ல வந்ததா?" என்பேன். ஒளிக்காமல் சொல்லுவார். "இது ஐஸ் விட்டது தம்பி, இன்னைக்கே ஆக்கிடுங்க. வைக்கிறதுன்னா அந்தப் பக்கம் இருக்கறதை எடுத்துக்குங்க." ஒருமுறை உறைந்து இளகியதை மறுபடி பச்சையாக உறைய வைத்தால் சாறெல்லாம் போய் நார் மட்டும் மிஞ்சும். வெளியே வெகுநேரம் இளகிக் கிடந்தது என்றால் பாதுகாப்பும் இல்லை. அதைச் சமைத்துவிட்டு, குழம்பாக உறைய வைப்பதில் தவறில்லை.

ஐஸ் விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரீசரில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. நம் ஊர் முப்பது டிகிரியில் கோழியை சிங்க்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், உள்ளே கல்லாக இருக்கும்போதே மேல்சதையில் அது எழுந்து பல்கிப் பெருகும். முதல்நாள் இரவே பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், ஒழுகும். மறந்துவிட்டால் பையோடு குழாய்த் தண்ணீரில் காட்டலாம். தட்டையான பையாக இருந்தால் கால் மணி நேரத்தில் கதை முடிந்தது.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கு ஒரு கட்டு வாங்கினால் பாதி பிரிட்ஜில் கறுத்துப் போகும். உருவி, கழுவி, துணியில் பரப்பி ஈரம் துளிகூட இல்லாமல் காயவிட்டு, டப்பாவில் போட்டு பிரீசரில் வையுங்கள். எடுத்த கையோடு எண்ணெயில் போட வேண்டும். வெளியே ஐந்து நிமிடம் வைத்தாலே துவண்டு கறுக்கும். புதுக் கறிவேப்பிலை மணத்தில் பத்துக்கு எட்டு தேறும். பண்டான் இலை, சிரை (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (சித்தரத்தை மாதிரிக் கிழங்கு) மூன்றும் இதைவிட நன்றாகவே தாங்கும். சிரையை நசுக்கி, மூன்று விரல் நீளத்துக்கு வெட்டி வைத்துவிடலாம். இஞ்சியை முழுசாகவே போடுங்கள். உறைந்த இஞ்சி துருவியில் தூளாக விழும், நாரே வராது. பச்சை மிளகாயும் அப்படியே. கொத்தமல்லி இலையாக உறையாது, சொதசொதவென்று ஆகிவிடும். சட்னியாக அரைத்து ஐஸ் அச்சில் ஊற்றினால் உண்டு.

சின்ன வெங்காயம் உரிப்பது ஒரு தண்டனை என்பதால் அதையும் ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே உரித்து வைத்துவிடுவோம். இரண்டு பையில் போடாவிட்டால் ஐஸ்கிரீமில் வெங்காய மணம் வரும். குழம்புக்கு மட்டும்தான் ஆகும், பச்சடிக்கு ஆகாது. இஞ்சி பூண்டு விழுதும் அப்படியே தட்டையாக, கோடு போட்டு. அரைத்த பூண்டை எண்ணெயில் போட்டு மேசையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் அறைச் சூட்டில் வளரும் நச்சுக் கிருமி ஒன்று இருக்கிறது. வாடையில் காட்டிக்கொடுக்காது. பிரீசரில் வைத்தால் பயமில்லை.

முருங்கைக்காய் வெட்டி அப்படியே வைக்கலாம். பயற்றங்காயைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் அலசி, ஈரம் துடைத்து வைக்க வேண்டும். காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தக் கொதிநீர்தான் அவற்றை நிறுத்துகிறது. இல்லாவிட்டால் நிறமும் ருசியும் போய்விடும். வெண்டைக்காயை நான் கொதிநீரில் போடுவதில்லை, கொழகொழப்பு போகும் வரை எண்ணெயில் வதக்கிவிட்டு வைக்கிறேன். பச்சைப் பட்டாணியை மட்டும் நீங்கள் உரித்து உறைய வைக்க வேண்டாம். பறித்த சூட்டோடு ஆலையில் உறைய வைத்தது பாக்கெட்டில் வருகிறது, உங்களுடையதைவிட அது நன்றாக இருக்கும், மலிவும்கூட. பரோட்டாவுக்கும் இதே தீர்ப்புத்தான். பாக்கெட் பரோட்டாவோடு போட்டி போடுவது வீண்வேலை.

சப்பாத்தி அப்படி இல்லை. கல்லில் இரண்டு பக்கமும் லேசாகப் புள்ளி விழும் அளவுக்கு மட்டும் சுட்டு, ஆறவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால், உறைந்தபடியே கல்லில் போட்டு ஒரே நிமிடத்தில் உப்பிவரும். இட்லி மாவை உறைய வைத்தால் இட்லி சப்பையாகும், தோசைக்கு வேண்டுமானால் ஆகும். இட்லியாகவே அவித்து உறைய வைப்பது நல்லது. இட்லிச் சட்டியில் மறுபடி ஆவி காட்டினால் பஞ்சாக வந்துவிடும். என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து புக் அவுட் ஆகி, சீருடையோடு நேரே அடுப்படிக்குத்தான் வருவான். காலணி கழற்றுவதற்குள் "அம்மா, என்ன இருக்கு?" அந்நேரத்துக்கு அந்த இட்லிதான் கைகொடுக்கும். பத்து இட்லிக்குக் குறைந்து பேச்சே இல்லை.

சோறும் நன்றாக உறையும், பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் வடித்த சோற்றை மேசையில் மணிக்கணக்காக வைத்துவிட்டு அப்புறம் பிரீசரில் போடுவதில் பயனில்லை. அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆவி அடங்கியதும் தட்டையாகப் பரப்பி ஆற்றி, பொட்டலமாக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் சூடாக்கினால் புதுச்சோறு மாதிரி உதிர்ந்து வரும். ரொட்டிக்கும் பிரீசர்தான் இடம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு போகும், வெளியில் வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பச்சை பூக்கும். துண்டு துண்டாக எடுத்து நேரே டோஸ்டரில் போடலாம்.

உள்ளே விடாதவர்கள்: உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, தயிர், வெள்ளரி, சாலட் இலை. உருளைக்கிழங்கு குழம்பில் உறைந்து எழுந்தால் மணல் மணலாக, தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும். அம்மா ஆட்டிறைச்சிக் குழம்பில் கிழங்கு போடாமல் இருக்க மாட்டார். எடுத்துவைக்கும் பங்கிலிருந்து கிழங்கைப் பொறுக்கி அன்றைக்கே சாப்பிட்டுவிடுவோம். முட்டையின் வெள்ளை ரப்பராகும். தயிர் திரிந்துபோகும். தவ்குவா, அதாவது கெட்டியான சோயா தோஃபு, மட்டும் ஒரு விசித்திரம். உறைந்து இளகியதும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் குழம்பில் போட்டால் அத்தனை சாற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். என் மனைவி இப்போது வேண்டுமென்றே உறைய வைத்துத்தான் சமைக்கிறார்.

தேதி எழுதுவதை விட்டுவிடாதீர்கள். கிடங்கில் முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும், அது சட்டம். வீட்டில் மாஸ்கிங் டேப்பும் ஒரு மார்க்கரும் பிரிட்ஜ் மேலேயே கிடக்கின்றன. பொருளின் பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் உறைந்த ரசப்புளியும் உறைந்த வதக்கலும் பார்வைக்கு அண்ணன் தம்பி. புதியது பின்னால், பழையது முன்னால். ஒரு பொட்டலம் மூன்று மாதமாக யாரும் தொடாமல் கிடந்தால், அதை அடுத்த முறை செய்யாதீர்கள். தனியாக ஒரு பெரிய பிரீசர் வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்பதுதான் என் பதில். இரவு பகலாக மின்சாரம் தின்னும், இடம் இருக்கிறதே என்று கண்டதை வாங்கி நிரப்பச் சொல்லும். சின்ன பிரீசர் இருந்தால்தான் கை அடங்கும்.

கடைசியாக, தங்கை கேட்ட சம்பல். இதை அவளுக்கே சொல்கிறேன். காய்ந்த மிளகாயை விதை உதறி வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் பெலாச்சான் (இறால் விழுது) சேர்த்து மைய அரைத்துக்கொள். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. அடுப்பைச் சிறிதாக வைத்து, எண்ணெய் மேலே மிதந்து நிறம் கருஞ்சிவப்பாகும் வரை கிண்டு. அவசரப்பட்டால் பச்சை வாடை நிற்கும். அப்புறம் புளிக்கரைசல், வெல்லம் அல்லது குலா மெலாக்கா (பனை வெல்லம் மாதிரி), உப்பு. இன்னும் கொஞ்சம் வற்ற விடு. ஆறியதும் ஐஸ் அச்சில் ஊற்று. எண்ணெய் அதிகம் இருப்பதால் கல்லாக இறுகாது, கரண்டி முனையால் நெம்பினாலே வந்துவிடும், பைக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சில் மிளகாய் வாடை போகாது, சம்பலுக்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள். நெத்திலியையும் வேர்க்கடலையையும் இதோடு கலந்து உறைய வைக்காதே, நமுத்துப்போகும். சாப்பிடுகிற அன்றைக்குப் பொரித்து, சூடான சம்பலில் கடைசியாகப் போட்டுப் பிரட்டு.